துரையிடம் போன கதவுப் பிடி

என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சின்ன ரவும் பெரிய றவும் எனக்கு இன்னும் தகராறுதான். இந்த விஷயத்தைப் பேசச் சொன்னால் பேசமாட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

மாத்தளை ஸ்டேஷனுக்குப் பின்னால், கைவிட்ட தண்டவாளத்தில் ஒரு பழைய கோச்சிப் பெட்டி நின்றது. அதை ஊரார் கூடிச் சிரமதானம் செய்து திருத்தித் தந்தால் கர்ப்பிணிகளின் கிளினிக்கை அதற்குள் வைக்கலாம் என்றார்கள். அதுவரை கிளினிக் சந்தைக் கொட்டகையில், ஒரு சேலை மறைப்புக்குப் பின்னால் நடந்தது. காற்றடித்தால் சேலை பறக்கும். என் மனைவிக்கு ஏழாம் மாதம். கால் இரண்டும் வீங்கியிருந்தன. இரண்டு தடவை இரத்தோட்டையிலிருந்து பஸ்ஸில் போய், வெட்கப்பட்டு, காட்டாமலே திரும்பிவிட்டாள். மருத்துவிச்சி அம்மாவும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "பூட்டுற கதவு இருந்தாத்தான் நான் அந்தப் பெட்டிக்குள்ள வருவேன்."

கதவைப் பற்றி யாருக்கு அக்கறை? வந்தவர்கள் எல்லோருக்கும் பெயின்ட் பிரஷ்தான் வேண்டும். ஒரே பலகைக்குப் பச்சை அடித்து, அது காயுமுன் மேலே நீலம் அடித்து, சண்டையும் பிடித்தார்கள். குடிக்கப் பிளேன்டி வந்தால் முப்பது பேர், பலகை பிடிக்கக் கூப்பிட்டால் மூன்று பேர். சிரமம் எனக்கு, தானம் அவர்களுக்கு.

பலகை அறுக்கும் மரக்காலையில் வேலை செய்கிறவன் என்பதால் கதவு வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு கதவில் ஒன்றை ஆணியடித்து மூடினேன். மற்றதன் பித்தளைப் பூட்டையும் இரண்டு பிடிகளையும் கழற்றி, புளி போட்டுத் தேய்த்து, சாக்கில் கட்டிவைத்தேன். எங்கள் தலைமைத் தச்சர் சிங்களவர்; பாஸ் என்போம். உதவிக்கு வந்திருந்த ஒரு தோட்டத்துக் கங்காணியிடம் அவர் அந்தச் சாக்கைக் கொடுத்து, "தொர லங்க தியன்ன" என்றார். கதவுக்குப் பக்கத்தில் வை என்று அர்த்தம். சிங்களத்தில் தொர என்றால் கதவு. கங்காணிக்குத் தெரிந்த தொர, அவருடைய தோட்டத்தை நடத்தும் துரை ஒருவர்தான். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிறுதான் கேட்டேன்.

"தொரைகிட்ட குடுத்தாச்சுங்க. பாஸ்தானே சொன்னாரு! தொரைக்கு ரொம்ப சந்தோசம்" என்றார் கங்காணி.

வீட்டில் சொன்னேன். "கண்ணால பாத்துக்கிட்டு நின்னீங்களா? புள்ள பொறந்து நடக்குற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டீங்களா?" என்றாள் மனைவி.

மறுநாள் பங்களாவுக்குப் போனேன். துரையும் சிங்களவர், தோட்டத் தமிழ் பேசுவார். "என்னா வேணும்?" என்றார். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனது அத்தனையும் மறந்துபோனது. "தொரை... தொர..." என்றேன். பங்களாக் கதவைக் கையால் காட்டி மறுபடியும், "தொரை, தொர!"

அவருக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. பிறகு உட்கார்ந்திருந்த கதிரையில் விழுந்து விழுந்து சிரித்தார். பூட்டையும் ஒரு பிடியையும் கொடுத்தார். மற்றப் பிடி அவருடைய குளியலறைக் கதவில் ஏறியிருந்தது. அப்படிச் சிரிக்கிறவரிடம் அதையும் கேட்க என்னால் முடியவில்லை.

வேறு எந்தப் பிடியும் அந்தப் பூட்டுக்குப் பொருந்தவில்லை. இருந்ததை வெளிப்பக்கம் போட்டேன். கதவு நன்றாகப் பூட்டியது. உள்ளேயிருந்து திறக்கத்தான் முடியாது. முதல் கிளினிக்கில் என் மனைவிதான் முதல் ஆள். கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து படபடவென்று தட்டினார்கள். திறந்தேன்.

"பிரஷர் கூடியிருக்கு. இவங்கள இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் மருத்துவிச்சி அம்மா. கதவுக்கு பாஸை உட்கார வைத்துவிட்டு ஓடினோம். தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீட்டுக்கு வந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிளினிக்குக்கும் கதவு திறக்க நான்தான். அத்தனை பெண்கள் நடுவில், மிதிபலகையில், தலையைக் குனிந்துகொண்டு. பெயின்ட் அடித்த முப்பது பேரில் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. பங்களாவில் நடந்த கதை மட்டும் எப்படியோ ஊரெல்லாம் பரவியிருந்தது. உள்ளே தட்டினால் போதும், வெளியே நிற்கிறவர்கள், "தொரை, கதவத் தொறங்க தொரை!" என்று கத்திச் சிரிப்பார்கள். இரண்டு வருஷம் இப்படி. இன்றைக்கும் நான் இரத்தோட்டை பஸ்ஸில் ஏறினால், "தொரைக்கு எடம் குடுங்க" என்று யாராவது ஒருத்தி சொல்லாமல் விடுவதில்லை.

1974 ஒக்டோபர் 12, சனிக்கிழமை.