தவறவிட்டாலும் பாதகமில்லை

மகள் பாடப்போகும் பிரெஞ்சு ஓபராவுக்குத் தமிழில் ஒரு பக்க அறிமுகம் எழுதித் தரச் சொன்னாள். முந்நூறு வருடத்துக்கும் மேல் பழைய இசை நாடகம்; அவளுடைய இசைக் கல்லூரி மேடையேற்றுகிறது. சொந்தக்காரர் பன்னிரண்டு பேர் வருவதாக இருந்தது. கதை விளங்காமல் அவர்கள் கொட்டாவி விட்டால் தனக்கு வெட்கம் என்றாள். தனக்கு ஒரேயொரு பாட்டுத்தான் என்றும் சொன்னாள். அது எந்த இடத்தில் வருகிறது என்று நான் கேட்கவில்லை.

சென்ட் லோரன்ட் பகுதிக் கிடங்கொன்றில் மருந்துப் பெட்டி அடுக்கிவிட்டு வந்து, மூன்று நாள் அகராதியோடு மல்லுக்கட்டினேன். காதலும் பொறாமையுமாகக் கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால், கதைக்குச் சம்பந்தமே இல்லாமல், இருபது நிமிட முன்னுரை. போரில் வென்ற அரசனைத் தேவதைகள் கூடிப் புகழ்கிறார்கள். அந்தக் காலத்து ஓபரா அப்படித்தான் தொடங்குமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில், பக்கத்து ஒழுங்கையில் இராணுவம் அடித்த ஷெல் விழுந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், பள்ளிக்கூடப் பிள்ளைகளான எங்களை வெள்ளைச் சட்டையோடு வெயிலில் நிறுத்தி, அதே இராணுவத்தின் தளபதிக்கு வரவேற்புப் பாட்டுப் பாட வைத்தார்கள். நானும் பாடினேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஆகவே எழுதினேன்: ‘முதல் இருபது நிமிடம் அரசனைப் புகழ்ந்து பந்தம் பிடிக்கும் பாட்டு. தவறவிட்டாலும் பாதகமில்லை.’

ஞாயிறு பிற்பகல் ரொக்ஸ்பரோவிலிருந்தும் புவாண்ட்-கிளேரிலிருந்தும் வந்த சொந்தக்காரர்கள் என் தாளைப் படித்துவிட்டு, வெளியே கோப்பியோடு கதைத்துக்கொண்டு நின்றார்கள். நான் மட்டும் உள்ளே போனேன். கதவைச் சாத்தினார்கள். முன்னுரை முடியும்வரை இனி யாரையும் விடமாட்டார்கள். திரை விலகியதும் பொன்னிறச் சிறகோடு, வெற்றித் தேவதையாக முதலில் வந்து நின்றவள் என் மகள்.

அவள் கண் எங்கள் வரிசையைத் தேடியது. பன்னிரண்டு வெறும் நாற்காலிகள், நடுவில் நான். அந்த அரசனை அவள் அவ்வளவு அழகாகப் பாடினாள். அழகாக இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மண்டபமே கைதட்டியது. என் கை எழவில்லை.

பிறகு உள்ளே வந்த சொந்தக்காரர்கள் கடைசிவரை மேடையில் அவளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது காரில் அவள் என் தாளை எடுத்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள். அந்த வரி வந்ததும் நிறுத்தினாள்.

“அது உன்ர பாட்டு எண்டு எனக்குத் தெரியாது, பிள்ளை,” என்றேன்.

“நான் பாடேக்க தெரிஞ்சதுதானே. பிறகும் ஏனப்பா கை தட்டேல்லை?”

வெள்ளைச் சட்டைக் கதையை நான் அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.