பூங்குருவியை நலம் விசாரித்தார்கள்

திருவிடந்தையில் என் பக்கத்து வீட்டுக்காரர் தணிகாசலம். பித்தப்பை ஆபரேஷன் முடிந்து அவர் வீடு திரும்பிய வாரம் அது. ஹாலில் கட்டில். கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள். நானும் ஆப்பிளோடு போயிருந்தேன் – வழக்கத்தை விட முடியுமா?

ஒருவர், இதே ஆபரேஷனில் தன் சித்தப்பாவுக்குத் தையல் பிரிந்த கதையை விவரித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஜன்னலில் 'டொப்'!

வெளியே போய்ப் பார்த்தோம். கண்ணாடியில் மோதி ஒரு பறவை கிடந்தது. ஆரஞ்சுத் தலை, நீலச் சாம்பல் முதுகு. அலகு திறந்து மூச்சு வாங்கியது.

செந்தலைப் பூங்குருவி. காட்டுப் பறவை. மர நிழலில் சருகைப் புரட்டிப் புழு பொறுக்கும். அருமையாகப் பாடும், முகம் காட்டத்தான் கூச்சம். குளிர்காலத்தில் நம் கரையோரத் தோப்புகளுக்கு வரும். கண்ணாடியில் தெரிந்த மாமரத்தை நிஜமென்று நம்பிவிட்டது...

"தண்ணி ஊத்துங்கப்பா, பாவம்!"

"மஞ்சா வச்சி வுடு."

"இரு, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

வாயில் ஊற்றும் தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போனால் செத்துவிடும் என்று தடுத்தேன். இருட்டும் அமைதியும்தான் அதற்கு மருந்து. ஷூ பெட்டியில் ஓட்டை போட்டு, துணி விரித்து, பறவையை வைத்து மூடி, ஹாலுக்குக் கொண்டுவந்தேன்.

மூடி வைக்க விட்டால்தானே? அச்சரப்பாக்கத்திலிருந்து வந்திருந்த மைத்துனர் சேகர் திறந்து திறந்து பார்த்தார்.

"இன்னா மச்சான் பண்ற?" – கட்டிலிலிருந்து தணிகாசலம்.

"உயிரோட கீதான்னு பாக்கறேன் மாமா."

"நீ இப்டி பாத்துகினே இருந்தா எப்டி இருக்கும்? இங்க குடு!"

பெட்டியை வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். "அது தூங்கட்டும். எல்லாரும் வெளிய போங்க!" ஆபரேஷனுக்குப் பிறகு அவர் குரல் இவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

அத்தனை பேரும் வாசலில் நின்று கிசுகிசுத்தோம். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். பெட்டியில் சத்தமே இல்லை. செத்துவிட்டதோ? பக்கத்தில் தணிகாசலம் – நல்ல குறட்டை.

பிறகு, பெட்டிக்குள் கால் பிறாண்டும் ஓசை!

பெட்டியை மாமரத்தடிக்குக் கொண்டுபோய்த் திறந்தேன். பூங்குருவி தத்தி வெளியே வந்தது. ஒரு சருகைப் புரட்டிப் பார்த்தது. விர்ரென்று சவுக்குத் தோப்புக்குள் மறைந்தது.

நமக்குப் பிரியம் என்றால் பக்கத்தில் போய் நிற்பது. விலகி நிற்பதும் பிரியம்தான் என்று ஏனோ தோன்றுவதே இல்லை.

எல்லோரும் ஹாலுக்குத் திரும்பினார்கள். சித்தப்பாவின் தையல், விட்ட இடத்திலிருந்து மறுபடி பிரிய ஆரம்பித்தது. தணிகாசலம் கண்ணாலேயே என்னைக் கூப்பிட்டார்.

"சார்... இந்தப் பொட்டில பெரிய சைஸு கெடைக்குமா?"