சுகந்தியின் ஸ்மோக்கியும் என் அழுக்குச் சாம்பலும்

பெயிண்ட் கடை வேலைக்குக் கண் நன்றாக இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் சிட்னியில் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். வாய்தான் முக்கியம் என்பது சுகந்தி வந்த பிறகுதான் தெரிந்தது. யாழ்ப்பாணத்துப் பெண், எனக்குப் பின்னால் சேர்ந்தவள். கூட வேலை பார்ப்பவர் கெட்டிக்காரராக அமைந்து அவதிப்பட்டவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

அழுக்கு

ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி மங்கலான சாம்பல் நிற டின்னைக் கையில் வைத்துக்கொண்டு, இது எப்படி இருக்கும் என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன்: "டர்ட்டி கிரே." டின்னைக் கீழே வைத்துவிட்டார். சுகந்தி வந்தாள். அதே டின்னை எடுத்து, "ஸ்மோக்கி" என்றாள், புகை படிந்த மாதிரி. வியாபாரம் முடிந்தது. போகிற போக்கில் அந்தப் பெண்மணி என்னிடம் சொன்னார்: "அந்தப் பெண் காட்டிய நிறத்தை நீ முதலிலேயே காட்டியிருக்கலாமே!"

மூடி

ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து ஒரு மதுரைக்காரத் தம்பி வந்தார். "பெட்ரூமுக்குக் கொஞ்சம் மூடியா வேணும்ணா" என்றார். "மூடி டின்னோடயே வரும் தம்பி" என்றேன். பின்னால் சுகந்தி சிரிக்கும் சத்தம். அவர் கேட்டது இங்கிலீஷ் மூடி, மங்கலாக இருண்ட நிறம். ஒரு மங்கிய கருநீலத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். தம்பிக்கு வாயெல்லாம் பல்: "நான் மனசுல நெனச்சதை எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

குளூமி

கடையில் கலர் ஆலோசகர் வேலை காலியானது. விடுவேனா? ரயிலில் வரும்போதெல்லாம் இருண்ட நிறங்களுக்கான இங்கிலீஷ் வார்த்தைகளை மனப்பாடம் செய்தேன். குளூமி என்றால் இருண்டது. சோகமானது என்றும் ஒரு அர்த்தம் உண்டு, அதை நான் படிக்கவில்லை. ஒரு இளம் தமிழ் ஜோடி வந்தது. மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். அடர்பச்சையைக் காட்டி, "உங்க பெட்ரூம் ரொம்ப குளூமியா இருக்கும்" என்றேன் பெருமையாக. அந்தப் பெண் கணவனைப் பார்த்தாள், பிறகு என்னை: "அங்கிள், எங்களுக்குப் போன மாசம்தான் கல்யாணமே ஆச்சு."

வீடு

அந்த வேலை சுகந்திக்குப் போனது. கொஞ்ச நாளில் என் மனைவி எங்கள் ஹாலுக்குக் கலர் பார்க்கக் கடைக்கு வந்தாள். என்னைத் தாண்டி நேராகச் சுகந்தியிடம்தான் போனாள்.

"ஓம் அக்கா, வாங்கோ. டஸ்கி பிளம் போட்டுப் பாருங்கோ. நாவல்பழத்தில அந்தி இருட்டு படிஞ்ச மாதிரி, பின்னேர வெயிலுக்கு நல்ல வடிவா இருக்கும்."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா என்று சாப்பிடும்போது கேட்டேன். மனைவி சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "உங்களைக் கேட்டா கறுப்பு, ரொம்பக் கறுப்பு, ரெண்டுதானே சொல்வீங்க!"

சுவர் அசிங்கமாக இருந்திருந்தாலாவது என் மனசு ஆறியிருக்கும், வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் புகழ்கிறார்கள்.