கொளஞ்சியம்மாள் பார்த்த இரண்டு கடைத்தெருக்கள்

உலகத்தில் யாருக்கும் வேண்டாத ஒரு கணக்கு கொளஞ்சியம்மாளின் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது: ஆள் நடமாட்டம் பெரம்பலூர்க் கடைத்தெருவில் அதிகமா, அரியலூரிலா?

யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. ரங்கூனுக்குப் போன புருஷன் உயிரோடு திரும்பிவிட்டான், புத்தி கலங்கி இந்தப் பக்கம்தான் சுற்றுகிறான் என்று வாலிகண்டபுரத்து ஆள் ஒருவன் சொன்னான். எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு இரண்டு பக்கமும் கையைக் காட்டினான். மகராசன்.

அவித்த கடலைக் கூடையோடு முதலில் பெரம்பலூரில் உட்கார்ந்தாள். அங்கே ஜனம் கொஞ்சம்தான். நடப்பவனும் மாட்டு விலை பேச நாலு தடவை நிற்பான். ஒரு முகம்கூடத் தப்பாது. ஆனால் ஒரே மாதத்தில் புது முகங்கள் தீர்ந்துபோய், பார்த்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரியலூர் ஸ்டேஷன் தெரு வேறு மாதிரி. ரயில் வந்தால் மூட்டையும் தலையுமாகப் பொங்கும்; கொஞ்ச நேரத்தில் துடைத்துவிட்டாற்போல ஆகிவிடும். கூட்டம் உள்ள இடத்தில்தானே அகப்படுவார் என்று கூடையை அங்கே மாற்றினாள்.

"ஏம்மா, கடலை விக்க வந்தியா, தலை எண்ண வந்தியா?" என்றான் காப்பிக் கடை வீரமுத்து.

"ரெண்டுக்குந்தாங்க. கடலைக்குத்தான் தலை வரல."

ஒரு மத்தியானம் பாசஞ்சர் வந்தது. கூட்டத்துக்கு நடுவே, இடது தோளைச் சாய்த்து நடக்கும் ஒரு முதுகு. அவனேதான். எழுந்து ஓடினாள்; மூட்டைகள் மறித்தன. புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்வதேது? எல்லாப் பெண்களையும் போலப் பிள்ளை பேரை வைத்துக் கூப்பிட்டாள்.

"பாப்பாத்தி அப்பா, பாப்பாத்தி அப்பா."

இரண்டு பேர் திரும்பினார்கள். வேறு பாப்பாத்திகளின் அப்பாக்கள். அவன் திரும்பவில்லை. எப்படித் திரும்புவான்? அவன் கப்பல் ஏறியபோது அவள் முழுகாமல் இருந்தது அவளுக்கே தெரியாது. பாப்பாத்தி என்று ஒருத்தி பிறந்த சேதி ரங்கூனுக்குப் போகவேயில்லை.

"பேரச் சொல்லும்மா, நான் கூப்புடுறேன்" என்று வீரமுத்து ஓடிவந்தான்.

"திருமழபாடி சாமி பேருங்க."

"வைத்தியநாதனா?"

"அந்த மாதிரி. பின்னாடி வேறங்க."

"வைத்திலிங்கமா?"

ஆமென்று தலையை ஆட்டினாள். வீரமுத்து தொண்டை கிழியக் கத்தினான். அதற்குள் தெரு காலியாகிவிட்டது. சந்து சந்தாக ஓடிப் பார்த்தார்கள். யாருமில்லை.

"நீயே ஒரு தடவ சொல்லியிருக்கலாமேம்மா" என்றான் வீரமுத்து, மெதுவாக.

"ஆமாங்க."

மறுநாளும் வந்தாள். ரயில் வருமுன், தெருவில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அந்தப் பேரைச் சொல்ல வாயைத் திறந்தாள். முதல் எழுத்துக்கு மேல் வரவில்லை. பிறகு கடலைமேல் உட்கார்ந்த ஈயை ஓட்டினாள்.