பாப்பரசர் அரண்மனையில் வெறுங்காலோடு

2008 அக்டோபர். பாரிஸில் காலை ஏழரை மணிக்கு ரயிலேறிய நாங்கள் மூவரும் பத்தேகாலுக்கு அவிஞ்ஞோனில் இறங்கினோம். ஏறக்குறைய எழுநூறு கிலோமீட்டர். ராயப்பன்பட்டியிலிருந்து தேனி வழியாக மதுரைக்குப் போய்ச் சேரவே எங்களுக்கு அவ்வளவு நேரமாகும்.

மகள் ஜெசிந்தா பாரிஸில் ஆராய்ச்சிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தாள். எப்போது ஊர் திரும்புவாள் என்று நேரில் கேட்கத்தான் நானும் மனைவி மேரியும், திராட்சை வெட்டு முடிந்த கையோடு விமானம் ஏறினோம். வந்து பத்து நாளாகியும் கேட்க வாய் வரவில்லை.

ஊரைச் சுற்றிப் பழைய கோட்டைச் சுவர். நடுவில் மலைபோல் அரண்மனை. அறுநூறு வருடங்களுக்கு முன் பாப்பரசர்கள் வாழ்ந்த இடமாம்.

"பாப்பரசர் ரோமாபுரியிலதான இருப்பாக? இங்கன எதுக்கு வந்தாக?" என்றாள் மேரி.

ஜெசி விளக்கியதில் எனக்குப் பாதிதான் புரிந்தது. உள்ளே கூடம் கூடமாக வெறும் கல். அரண்மனைக்குள்ளேயே இருந்த பெரிய கோவிலின் வாசலில் மேரி செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தாள். உள்ளே ஒரு மாதா சுரூபம் இல்லை, ஒரு மெழுகுவத்தி இல்லை. எந்தப் பக்கம் பார்த்து முழந்தாளிடுவது என்று தெரியாமல், சிலுவை மட்டும் போட்டுக்கொண்டாள். அது கோவிலா, காட்சிசாலையா? எனக்கும் விளங்கவில்லை.

கூட்டத்தோடு வேறொரு படிக்கட்டில் இறங்கி வெளியே வந்த பிறகுதான் மேரி பதறினாள்: "என்னங்க, செருப்பு!"

வந்த வழியே திரும்ப விடவில்லை. காவலுக்கு நின்ற பெண் கையை நீட்டி மறித்தாள். ஜெசி முன்னால் போய்ப் பிரெஞ்சில் படபடவென்று பேசினாள். வீட்டில் அதிர்ந்து ஒரு சொல் பேசாத பிள்ளை அவள். அந்தக் குரலும் கைவீச்சும் யாருடையவை என்று திகைத்து நின்றேன். ஒருவழியாக அவளை மட்டும் உள்ளே விட்டார்கள்.

சதுக்கத்தில் பேய்க்காற்று. மேரி ஒரு காலின் மேல் மறுகாலை வைத்து நின்றாள். போகிறவர்கள் அவள் பாதங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

செருப்போடு சிரித்தபடி வந்த ஜெசி, குனிந்து அம்மாவுக்கு மாட்டிவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"ரொம்பக் குளிருதாம்மா? ஆத்துல ஒரு பழைய பாலம் இருக்கு, அதப் பாத்துட்டு வீட்டுக்குப் போயிருவோம்."

"நம்ம வீட்டுக்கா, ஆத்தா?" மேரியின் முகம் மலர்ந்தது.

ஜெசியின் கை நின்றுவிட்டது. பாரிஸில் அவள் தங்கியிருக்கும் அறையைத்தான் வீடு என்றிருக்கிறாள்.

"இல்லம்மா…" அவள் நிமிரவில்லை. "பாரிஸ்லயே வேல குடுத்துட்டாக. சொல்லணும்னுதான் இருந்தேன்."

"சரித்தா" என்றேன்.

பாலத்துக்கும் போனோம். மறுபாதி எப்போதோ இடிந்துபோனதால் ரோன் ஆற்றின் நடுவிலேயே அது முடிந்துவிடுகிறது. அங்கே ஒரு வெள்ளைக்காரர் எங்கள் கேமராவை வாங்கிப் படம் எடுத்துக் கொடுத்தார். படத்தில் மேரி மகளின் கையை இறுகப் பிடித்திருக்கிறாள். மூவருமே சிரிக்கிறோம். எதற்காகச் சிரித்தோம் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.