வேகமாக ஓடிய கணக்கு

தென்காசியில் பிறந்த தில்லைநாயகம் பம்பாயில் என்ன வேலை பார்க்கிறான் என்று வீட்டில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. கணக்கில் எம்.ஏ. படித்தான், ரயிலேறிப் போனான், கல்யாண மண்டபம் அகலத்துக்கு ஒரு மிஷினாம், அதற்குக் கணக்குப் போடச் சொல்லிக்கொடுக்கிறானாம். அவ்வளவுதான். வடகரையில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா முத்துவடிவு மட்டும், "எந்தம்பி மிஷினுக்கே வாத்தியாரு" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வாள்.

அறுபத்தேழில் வடகரைக்கு மேற்கே, மலையடிவாரத்து ஓடையை மறித்து ஒரு நீர்த்தேக்கம் கட்ட முடிவானது. அடைமழைக் காலத்தில் எவ்வளவு வெள்ளம் வரும், மிஞ்சிய தண்ணீர் கரையைத் தாண்டாமல் வழிந்தோடும் மறுகால் எவ்வளவு அகலம் வேண்டும் என்று கணக்கிட, பழைய மழை அளவுகளெல்லாம் பம்பாய் கம்ப்யூட்டர் நிலையத்துக்கு வந்தன. வேலை தில்லைநாயகத்தின் மேஜைக்கே வந்து சேர்ந்தபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை. நம்ம ஊர் மழை!

ஆசையாசையாகப் புரோகிராம் எழுதினான். எழுதியதை மிஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருவதற்குக் கம்பைலர் என்று ஒன்று உண்டு. அதற்கு இரண்டு விதமாக உத்தரவு கொடுக்கலாம். எழுதியதை எழுதியபடியே மாற்றச் சொன்னால் புரோகிராம் மெதுவாக ஓடும். வேகம் வேண்டும் என்று சொன்னால், தேவையில்லை என்று தனக்குத் தோன்றுவதையெல்லாம் அதுவே ஒதுக்கிவிட்டு, விறுவிறுவென்று ஓடும்படி செய்து தரும். சோதித்துப் பார்க்க முதல் விதம், வெளியே கொடுக்கும் கடைசிப் பதிப்புக்கு இரண்டாவது என்பது நிலையத்தின் வழக்கம். மிஷினில் நேரம் கிடைப்பது அவ்வளவு அரிது. ஒரு நாள் மழையை வைத்து இரண்டு விதமாகவும் ஓட்டினான். விடை ஒன்றாகவே வந்தது. திருப்தியோடு முழுக் கணக்கையும் வேகப் பதிப்பில் ஓட்டி அனுப்பிவிட்டான்.

அடுத்த கோடையில் வேறொரு புரோகிராம் அவனைத் தொல்லைப்படுத்தியது. மெதுவாக ஓட்டினால் ஒரு விடை, வேகமாக ஓட்டினால் இன்னொன்று. உடனே வடகரைக் கணக்கை எடுத்து, இந்த முறை இரண்டு நாள் மழையைக் கொடுத்துப் பார்த்தான். முதல் நாள் ஒத்துப்போனது. இரண்டாம் நாள் ஒத்துப்போகவில்லை.

மழை பெய்யப் பெய்ய மண் ஊறும். ஊறிய மண் தண்ணீரைக் குடிக்காது, ஓடைக்குத் தள்ளிவிடும். அந்த ஈரத்தை நாளுக்கு நாள் மாற்றும் பகுதியை அவன் தனியாக எழுதியிருந்தான். வேகம் தேடிய கம்பைலர் அதைக் கவனிக்கவில்லை. ஈரம் மாறாத ஒன்று என்று எடுத்துக்கொண்டு, தொடக்கத்தில் ஒரே தடவை கணக்கிட்டு வைத்துக்கொண்டது. எத்தனை நாள் கொட்டினாலும் அந்தக் கணக்குக்குள் மண் சித்திரை மாதத்து மண்ணாகவே கிடந்து, தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது. வெள்ளம் குறைவாகத் தெரிந்தது.

முழுக் கணக்கையும் மெதுவாக ஓட்ட நேரம் கேட்டான். முடிந்துபோன வேலைக்கு மிஷினைத் தர முடியாது, கட்டுகிறவர்கள் திரும்பக் கேட்கட்டும் என்றார் மேலதிகாரி. லீவு போட்டுவிட்டு ஊருக்கு ரயிலேறினான்.

நீர்த்தேக்க வேலையின் என்ஜினீயர் ஞானசம்பந்தம் சீசனுக்காகக் குற்றாலத்தில் தங்கியிருந்தார். அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்தவரை வாசலிலேயே மறித்தான்.

"மிஷின் தப்பாச் சொல்லிட்டு சார். மறுகால் அகலம் பத்தாது."

"மிஷின் தப்புச் சொல்லுமா தம்பி?"

"அது நாங்க சொன்னதைத்தான் செய்யும் சார். வேகமா ஓடணும்னு நான்தான் சொன்னேன்."

"சரி, அப்போ எவ்வளவு அகலம் வேணும்?"

"நீங்க எங்க ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டா ஓட்டிப் பாத்துச் சொல்லிருவேன்" என்றான்.

அவர் துண்டைப் பிழிந்தபடி யோசித்தார். கெட்ட மனிதர் இல்லை. "மறுகால்ல பாதிக்கு மேல கட்டியாச்சு. இப்போ நிப்பாட்டினா இந்த வேலையே நின்னுபோவும். ஜனங்க எத்தன வருசமாத் தண்ணிக்குக் கேக்குதாங்க தெரியுமா? நீ நெனைக்கிற மழ நம்ம ஆயுசுல வராது. போயிட்டு வா."

அங்கிருந்து வடகரைக்குப் போனான். அக்காள் புருஷன் சங்கரபாண்டியின் வயல் மறுகாலுக்கு நேர் கீழே இருந்தது.

"அத்தான், மறுகால் அகலம் பத்தாது. ஐப்பசி கார்த்திகைல மட்டும் தென்காசில வந்து இருங்க."

சங்கரபாண்டி சிரித்துவிட்டார். "மழ பெய்யுதப்பம் வயல விட்டுட்டு வரச் சொல்லுதியே மாப்ள! மிஷினோட இருந்து இருந்து ஒனக்குப் பயம் பிடிச்சிட்டு."

முத்துவடிவும் சேர்ந்து சிரித்தாள். அவன் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

நீர்த்தேக்கம் கட்டி முடிந்து, அடுத்த ஆண்டு ஐப்பசியில் ஒரு வாரம் விடாமல் மழை. ஒரு நாள் காலையில் தண்ணீர் மறுகாலுக்கு அடங்காமல் கரைமேல் ஏறி, கரையை அறுத்துக்கொண்டு இறங்கியது. தொழுவத்தில் மாடுகளை அவிழ்க்கப் போன சங்கரபாண்டியை அச்சன்புதூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கண்டெடுத்தார்கள்.

காரியம் முடிந்து பம்பாய் திரும்பிய தில்லைநாயகத்துக்கு, கேட்ட மிஷின் நேரம் இப்போது கேள்வியில்லாமல் கிடைத்தது. மெதுவான பதிப்பில் மறுகால் இன்னும் அகலமாக வந்தது. அந்த அகலம் இருந்திருந்தால் கரை நின்றிருக்குமா? அதைச் சொல்ல, அன்று வந்த வெள்ளத்தின் அளவு வேண்டும். ஓடையில் நட்டிருந்த அளவுகல்லை வெள்ளமே கொண்டுபோயிருந்தது. என்ஜினீயரும் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். யாரும் அவனை ஒரு கேள்வி கேட்கவில்லை. நிலையத்தில் வேகப் பதிப்பு வழக்கமும் மாறவில்லை.

வயல் முழுக்க மணலேறிவிட்டதால் முத்துவடிவு தென்காசி வீட்டுக்கே வந்துவிட்டாள். லீவில் அவன் வந்தால் இலை போடுவாள், பரிமாறுவாள், பேச மாட்டாள். ஒரு தடவை மட்டும் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஒனக்கு நெசமாவே தெரியுமாலே?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா ஏம்லே எங்கள இழுத்துட்டுப் போவல? சிரிச்சா விட்டுட்டுப் போயிருவியா?"

அவள் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.