அக்காவுக்கு வரவேண்டிய வேலை

அண்ணை, நீங்கள் பொய் சொல்கிறீர்கள். அக்காவுக்கு அந்த வேலை கிடைக்காததற்கு அவருடைய இங்கிலீஷ் காரணமில்லை. நீங்கள்தான் காரணம். நானும்தான்.

லண்டன் பிளேஸ்டோவில் உங்கள் வீட்டு மேல் அறையில் வாடகைக்கு இருப்பவள் நான். உங்கள் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்கு அவரைத்தான் தெரிவு செய்தார்கள். கேட்டதற்கெல்லாம் அவரே இங்கிலீஷில் பதில் சொன்னார். நான் துணைக்குப் போனவள்.

இந்த நாட்டில் வேலை செய்ய உரிமை உண்டா என்று பார்க்க மேனேஜர் ஷெயார் கோட் என்ற அரசாங்க இலக்கத்தைக் கேட்டார். அதை எடுக்க அக்கா அரசாங்க இணையத்தளத்துக்குள் போகவேண்டும். உள்ளே விடும் நம்பர் உங்கள் போனுக்குத்தான் வரும். வங்கி, டொக்டர், விசா, அவருடைய எல்லாவற்றுக்கும் நீங்கள் கொடுத்து வைத்திருப்பது உங்கள் போன் நம்பரைத்தானே.

அக்கா ஸ்பீக்கரில் போட்டு உங்களைக் கூப்பிட்டார்.

“இஞ்சையப்பா, போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லுங்கோ.”

“கார் ஓடிக்கொண்டிருக்கிறன். வை போனை.”

பின்னால் ஒருவர், “அண்ணை, துரும்பை இறக்குங்கோ, எவ்வளவு நேரம் யோசிக்கிறியள்?” என்றார்.

“காருக்குள்ளயோ கடதாசி விளையாடுறியள்?” என்று கேட்டார் அக்கா.

சீட்டாட்டத்தை விடாமல் போனை வைத்துவிட்டீர்கள். பிறகு எத்தனை தரம் அடித்தும் எடுக்கவில்லை.

மேனேஜர் பொறுத்துப் பார்த்தார். காலையில் ஆள் வேண்டும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, உன்னிடம் கோட் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. வேறொரு வேலைக்காக எடுத்து வைத்தது. அக்காவுக்கு நாளை வரை நேரம் கொடுங்கள் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போனை நீட்டினேன்.

பஸ்ஸில் அக்கா, “நீயாவது போ, பிள்ளை” என்றார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்போது நான் வேலைக்கு இறங்கும்போது தேத்தண்ணி ஊற்றித் தருகிறார். வெட்கமில்லாமல் குடித்துவிட்டுப் போகிறேன்.

நீங்களோ ஆர்ச்வே கோயிலில், சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு, “அவவுக்கு இங்கிலீஷ் காணாது, அதுதான் எடுக்கேல்லை” என்று சொல்லிச் சிரித்தீர்கள். அக்கா கையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் வாயைத் திறக்கவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை அதே வரிசைக்கு வாருங்கள். அவருடைய வேலையை நான் எடுத்தேன் என்று முதலில் நான் சொல்கிறேன். பிறகு நீங்கள் சொல்லுங்கள். அந்த நம்பரை ஏன் கொடுக்கவில்லை? எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.